நூல் நூற்ற கல்

நூல் விலை வாரத்துக்கு ஒரு தடவை ஏறிக்கொண்டிருந்த எழுபத்திரண்டாம் வருஷம், திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பேச்சு கிளம்பியது. பசீர் அகமது பாயின் பனியன் கம்பெனியில் ஒரு கல் நூல் நூற்கிறதாம். பஞ்சு வேண்டியதில்லை, கரண்ட் வேண்டியதில்லை, போனஸ் கேட்க ஆளும் இல்லை. உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும், இருட்டுக் கண்டதும் வெள்ளை வெளேரென்று இழை இழையாக விடுகிறதாம்.

டீக்கடையில் இருபதாம் நம்பர் நூலாக இருந்தது, பஸ் ஸ்டாண்டு போவதற்குள் நாற்பதாம் நம்பராகச் சன்னமாகி, அவினாசி தாண்டிச் சேவூர் போய்ச் சேர்ந்தபோது கோனில் சுற்றி லேபிளும் ஒட்டியாகிவிட்டது. நூல் புரோக்கர் ஒருவர், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விழும் என்று ஆள்விட்டுக் கேட்டார். கொமரலிங்கத்து விவசாயி ஒருவர் தம் கிணற்றில் கிடைத்த கல்லைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்து, "இதுவும் நூக்குதான்னு சித்த ஊறப் போட்டுப் பாருங்க" என்று வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கம்பெனி கேட் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

விசாரித்துப் பார்த்ததில் பேச்சு முழுப் பொய்யில்லை. கல் உண்டு. அதிலிருந்து வெள்ளையாக நீளமாக ஒன்று வெளியே வருவதும் உண்டு. நூற்பது மட்டும்தான் இல்லை. மிச்சக் கதை முழுக்கச் செக்கிங் மேசை ஆயம்மாளிடம் இருந்தது.

ஆயம்மாள் சேவூர்க்காரி. கல்யாணத்தன்று முகூர்த்தப் புடவையை விரித்த மாத்திரத்தில், "இங்க ஒரு இழை ஓடியிருக்குதுங்க" என்று மாமியாரிடம் விரலை வைத்துக் காட்டியவள். புடவை மாறவில்லை, மாமியார் அதற்கப்புறம் மருமகளிடம் எந்தத் துணியையும் மடித்தபடியேதான் கொடுத்தார். புருஷன் வெள்ளையன் பஞ்சு ஆலை வாட்ச்மேன். வீட்டிலிருந்து புறப்படுமுன் பெண்டாட்டியின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்று காட்டிவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட கண். பதினெட்டு வருஷமாகப் பசீர் அகமது கம்பெனியில் பனியன் பார்க்கிறாள். பின்னலில் ஒரு கண்ணி நழுவியிருந்தாலும் கை தானாக நின்றுவிடும். துணியின் கண்ணி எண்ணுவதற்குக் கம்பெனி கொடுத்த பித்தளை மடக்குப் பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். குறை ஒன்றைக் கண்டுவிட்டால் அது எந்த மிஷினில், எந்த ஊசியில், யார் கையில் வந்தது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

இனிக் கல்லின் கதை. பாயிடம் சரக்கு எடுக்கும் கல்கத்தா சேட்டு தன் ஆபீசில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்த்தார். பாய் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நல்ல தண்ணீர் மீனை யாரும் வளர்க்கலாம், நாம் கடல் மீனே வளர்ப்போம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கடல் காற்றே படாத ஊரில் இப்படித் தோன்றுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். கீழக்கரையில் சங்கு வியாபாரம் பண்ணும் மைத்துனர் பாரூக், கருவாட்டு லாரியில் பதினாறு மண்ணெண்ணெய் டின் கடல் தண்ணீரும், ஒரு சாக்கு மணலும், ஈரச்சாக்கில் சுற்றிய நாலு பவளப்பாறைக் கல்லும், ஒரு குடத்தில் இரண்டு மீனும் அனுப்பினார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். காற்றுக் குமிழி விடும் மோட்டார் மதராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து வந்தது. கூடவே பாரூக்கின் கடிதம்: "ஒவ்வொரு கல்லுக்குள்ளேயும் ஒரு ஊரே குடியிருக்கும் மச்சான். இங்கே பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் இதையெல்லாம் பார்த்துப் பேர் எழுதுகிறார்கள். எனக்குத் தெரியாது. தட்டாமல் வைக்கவும்."

வரும் வியாபாரிகள் கண்ணில் படவேண்டும் என்று பாய் தொட்டியைத் தன் அறைக்கும் செக்கிங் மேசைக்கும் நடுவில் வைத்தார். மூன்று மாதம் ஒரு குறையுமில்லை. ஆர்டர் அவசரத்தில் கம்பெனி ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சேட்டு நேரிலேயே வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள், திங்கட்கிழமை காலை, இரண்டு மீனில் ஒன்று மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் மணல்மேல் சாண் நீளத்துக்கு வெள்ளையாக மூன்று நூல்.

பிளீச்சிங் மேஸ்திரி சுப்பண்ணன் கரண்டியால் மீனை எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "பிசிறுங்க மொதலாளி. தொண்டையில மாட்டியிருக்குது."

தைத்து முடித்த பனியனில் மிச்சம் தொங்கும் நூல் முனைதான் பிசிறு. அதை வெட்டும் வேலை மயிலாளுடையது. தொட்டிக்கு இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நூறு டஜன் பனியனுக்குப் பிசிறு வெட்டுவாள். போதாததற்கு அவளே முன்னால் வந்து ஒப்புக்கொண்டாள்.

"நேத்து சேட்டு வர்றதுக்கு முன்னால நானும் பாத்தனுங்க. உள்ள பிசிறு கெடந்துதுங்க. சேட்டு கண்ணுல படுமேன்னு கையை விட்டு மூணு வெட்டி எடுத்தனுங்க."

"வெட்டினியா, போட்டியா?" என்றார் சுப்பண்ணன்.

"வெட்டினனுங்க."

"வெட்டறதுக்கு அங்க ஏது நூலு? யாரோ போட்டாத்தானே இருக்கும்?"

மயிலாள் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள். பிசிறைக் கண்டால் வெட்டுவாள், அது எங்கிருந்து வந்தது என்று அவளை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. பாய் கோபக்காரர் அல்ல. மீனைப் பார்த்தார், மயிலாளைப் பார்த்தார். "சனிக்கிழமையோட நின்னுக்கம்மா," என்றார்.

மற்ற ஊரில் ஒரு கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி. இங்கே கம்பெனிக்குக் கம்பெனி டீ குடிக்கிற நேரத்தில் ஆளைப் பற்றிப் பேசிவிடுவார்கள். 'பிசிறு விடுறவ' என்ற பேர் ஒட்டிக்கொண்டால் மயிலாளுக்கு எந்த மேசையிலும் இடமில்லை. அவள் கை நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் அவரவர் மிஷினுக்குத் திரும்பிப் போனார்கள்.

ஆயம்மாள் போகவில்லை. மயிலாள் வழக்கப்படி வெட்டின துண்டுகளை எங்கே போட்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். மேசையடியில் இருந்த பிசிறு டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு கைப்பிடி நூல். அதன்மேல் மூன்று இடத்தில் காய்ந்த கோழை மாதிரி ஒரு பிசுக்கு. நூல் காய்ந்தால் நூலாகத்தான் இருக்கும். இது காய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. பிறகு தொட்டியின் பக்கம் போய், மணல்மேல் கிடந்ததைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பித்தளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கல்லையும் பார்த்தாள், நான்கையும், மேலிருந்து கீழ்வரை. நேராகப் பாயின் அறைக்குப் போனாள்.

"மொதலாளி, அது நம்ம நூலு இல்லீங்க."

"பின்ன யாரு நூலு?"

"நூலே இல்லீங்க. முறுக்கு இல்லீங்க."

"முறுக்கு இல்லாட்டி?"

"உசுருங்க."

சுப்பண்ணன் அங்கேதான் நின்றிருந்தார். "நூலுக்கு உசுரு வந்துருச்சுன்னா நல்லதுதான் அம்மிணி. நாளைக்குப் பனியன் தானா நடந்து கல்கத்தா போயிரும். பார்சல் கட்டற வேலை மிச்சம்."

"நீங்க சும்மா இருங்கண்ணா."

பாய் இருவரையும் கையமர்த்தினார். "உசுருன்னு சொல்றே. உசுருன்னா அதுக்கு ஒரு பேரு இருக்குமில்ல? பேரு என்ன?"

"தெரீலீங்க."

"பேரில்லாத சரக்கை நான் உள்ள எடுத்ததுமில்லை, வெளிய விட்டதுமில்லை. சனிக்கிழமைக்குள்ள பேரோட வா. இல்லாட்டி நான் சொன்னது சொன்னதுதான். கல்லு நாலையும் சுப்பண்ணன் பிளீச்சிங்ல போட்டு எடுத்துரட்டும்."

திருப்பூரில் எந்தச் சந்தேகத்துக்கும் கடைசி மருந்து பிளீச்சிங்தான். கறையா, பிளீச்சிங். பழைய ஸ்டாக்கா, பிளீச்சிங். சாட்சி சொல்லக்கூடிய ஒரே கல்லையும் அதில் போட்டுவிட்டால் வழக்கே வெள்ளையாகிவிடும். ஆயம்மாளுக்கு ஐந்து பகல் சாப்பாட்டு வேளை மிச்சம் இருந்தது.

துணியில் குறை தேடுகிறவள் கண்போன போக்கில் தேடமாட்டாள். தொட்டியின் முன்பக்கத்தில் நெடுக்கும் குறுக்குமாகக் கறுப்பு நூல் ஒட்டிக் கட்டம் போட்டாள். இருபத்துநாலு கட்டம். முதல் கட்டத்திலிருந்து வரிசையாகப் பார்த்தாள், ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாமல். மயிலாள் டிபன் கேரியரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"அக்கா, சோறு ஆறுதுங்கக்கா."

"நீ தின்னு கண்ணு. ஒம்போதாவது கட்டத்துல என்னமோ பல்லைக் காட்டுது."

பார்க்கப் பார்க்கப் பாரூக் எழுதியது சரி என்று ஆகிவிட்டது. கல்லுக்குள் ஊரே இருந்தது. பேர் தெரியாததால் அவளாகவே கைக்கு வந்த பேரை வைத்தாள். குறுக்கே வரி வரியாகக் கல்லோடு அப்பிக்கிடந்தது ரிப்பு. ஒரு விரற்கடையாக இருந்து ஒரு சாணாக நீண்டு, தொட்டால் திரும்பச் சுருங்குவது எலாஸ்டிக். இரண்டு ஓரத்திலும் பல் பல்லாக முடி வைத்து நெளிந்தது ஜிப்பு. வட்டமாக உட்கார்ந்து விளிம்பு விரித்தது பட்டன். கல்லில் ஒரு சின்ன வெட்டு, திறந்து மூடித் திறந்து மூடி, அது காஜா. கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளியதற்குத் தூசி என்று வைத்தாள். பனியன் கம்பெனியில் தூசி துள்ளாமலா இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் முதல் நம்பர் பிசிறு. அது மூன்றாவது கல்லின் ஓட்டைக்குள் இருந்தது. வெளிச்சம் மங்கினால் நீண்டு வரும், ஆள் நிழல் பட்டால் இழுத்துக்கொள்ளும். மூன்றை வெட்டின இடத்தில் இப்போது ஐந்து வந்தது.

"நான் வெட்டினதுக்கு வட்டி போட்டுக் குடுக்குதுங்கக்கா," என்றாள் மயிலாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பேர் எங்கே கிடைக்கும்? மண்டபத்து ஆபீசில். ஆனால் இதை எப்படி அனுப்புவது? துணியில் குறை வந்தால் அந்த இடத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி நூல் ஆலைக்கு அனுப்புவார்கள். அதுதான் கம்பெனி வழக்கம். இங்கே கத்தரிக்க முடியாது, கத்தரித்ததுதானே வம்பு. படம் வரையலாம் என்றால் ஆயம்மாளுக்குக் கோலமே நேராக வராது. அவளுக்கு நேராக வருவது ஊசி ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் உட்கார்ந்து, உள்ளங்கை அளவு பனியன் துண்டுகளில் அந்த ஜந்துக்களை ஒவ்வொன்றாகத் தைத்தாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தொட்டிக் கண்ணாடியில் கண்ணி எண்ணும் கண்ணாடியை வைத்து அளந்து, துணியில் அதே அளவுக்குத் தைத்தாள். ஜிப்பின் ஒரு பக்கத்து முடி முப்பத்தெட்டு என்றால் துணியிலும் முப்பத்தெட்டு. சுப்பண்ணன் வழியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன அம்மிணி, புதுசா டிசைனா? மாரளவு எத்தனைன்னு சொல்லு, கல்கத்தாவுக்குப் போட்டுரலாம்."

"உங்களுக்குத்தானுங்கண்ணா ஒண்ணு தெச்சுட்டிருக்கறன்," என்றாள் ஆயம்மாள். தலை நிமிரவில்லை.

அப்போது அவள் கையில் இருந்தது எட்டாம் நம்பர். மற்ற ஏழும் வெள்ளைத் துணி. இதற்கு மட்டும் ரோஸ் கலர்த் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, நடுவில் வெள்ளையாக ஒரு திட்டுத் தைத்திருந்தாள். முதல் கல்லின் தலையில் அப்படி ஒரு திட்டு இருந்தது.

கடிதத்தையும் அவளே எழுதினாள். ஐந்தாவது வரை படித்தவள். 'ஐயா அவர்களுக்கு, திருப்பூர் செக்கிங் ஆயம்மாள் எழுதுவது. இத்துடன் எட்டு சாம்பிள். எல்லாம் அசல் அளவு. ஒவ்வொன்றும் என்ன என்று எழுதவும். முதல் நம்பர் அவசரம். அது மீனைக் கொல்லுமா, வெட்டினால் கெடுதல் செய்யுமா என்றும் எழுதவும். ஒருத்தியின் வேலை அதில் இருக்கிறது.' கணக்கர் நஜீமுதீன் உறையில் விலாசம் மட்டும் எழுதிக் கொடுத்தார். புதன்கிழமை சாயங்காலத் தபாலில் போயிற்று.

சனிக்கிழமைத் தபாலில் நூல் ஆலைக் கடிதம் வந்தது, விலை ஏறியதாக. மண்டபத்திலிருந்து ஒன்றுமில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆயம்மாள் பாயிடம் போய் நின்றாள். "பேரு இன்னும் வரலீங்க. ஆனா உசுருதான்னு காட்டறனுங்க. காமணி நேரம் கொடுங்க."

மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். குமிழி ஆட்டுகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி போட்டு மூடினாள். மயிலாளின் டப்பாவிலிருந்து சிவப்புச் சாயம் ஏற்றிய பிசிறு ஒன்றை எடுத்து, எல்லாருக்கும் காட்டி, மூன்றாவது கல்லின் பக்கத்தில் மணல்மேல் கிடத்தினாள். மிஷின்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கம்பெனியில் இவ்வளவு மௌனத்தை மின்வெட்டு நேரத்தில்கூடக் கேட்டதில்லை.

துணியின் ஒரு மூலையை விலக்கி, "மொதலாளி, கீழ உக்காந்து பாருங்க," என்றாள்.

பாய் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சிவப்பு நூல் போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. அதை ஒட்டி வெள்ளை இழை ஒன்று கல்லிலிருந்து நீண்டு வந்திருந்தது. பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளை இழையின் நுனி ஒரு மணலைத் தொட்டது. மணல் ஏறிக்கொண்டது. பிறகு அந்த ஒற்றை மணல், யாரோ கயிற்றில் கட்டி இழுப்பதுபோல, இழையின் மேலேயே மெதுவாக ஊர்ந்து கல்லின் ஓட்டையை நோக்கிப் போனது.

"அல்லாவே," என்றார் பாய், மெதுவாக. "சிவப்பு நம்மளது."

"ஆமாங்க."

"வெள்ளை?"

"அது கல்லுக்குள்ள இருக்கறவனோடதுங்க. கையோ மீசையோ, மண்டபத்துக்காரருதான் எழுதோணும்."

மயிலாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வழக்கு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சுப்பண்ணன் தொண்டையைச் செருமினார்.

"உசுருன்னே வெச்சுக்கலாமுங்க. அப்ப இவ உசுருள்ளதை மூணு எடத்துல வெட்டியிருக்கறா. அது சும்மா இருக்குமா? விஷத்தைக் கக்கியிருக்குமுங்க. மீனு செத்தது அதுலதானுங்க."

நூல் என்றாலும் மயிலாள் குற்றவாளி, புழு என்றாலும் மயிலாள் குற்றவாளி. ஒரு தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டால் காரணத்துக்குப் பஞ்சமே வராது. பாய் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பிளீச்சிங் தொட்டி எப்பக் காலி?"

"திங்கக்கெழமை மத்தியானமுங்க."

"அப்ப திங்கக்கெழமைத் தபால் வரைக்கும் பாக்கறேன். மயிலா, அதுவரைக்கும் ஊட்லயே இரு."

மயிலாள் கத்தரியைத் துடைத்து ஆயம்மாளிடம் கொடுத்தாள். "வராட்டி நீங்களே வெச்சுக்கோங்கக்கா. நல்ல கத்தரி."

"திங்கக்கெழமை நீயே வந்து வாங்கிக்க," என்றாள் ஆயம்மாள். இடுப்பில் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள்.

திங்கட்கிழமைத் தபால் பதினொரு மணிக்கு வந்தது. உறை தடிமனாக இருந்தது. ஆயம்மாள் அதைப் பிரிக்கவில்லை. பாயின் மேசைமேல் வைத்து, "கணக்கர் படிக்கட்டுமுங்க. சத்தமா," என்றாள். சுப்பண்ணனையும் கூப்பிடச் சொன்னாள்.

எழுதியவர் பேர் ஞானசம்பந்தம். பதவி என்னவென்று எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கடல் ஜந்துக்களைப் பார்த்து வருவதாகவும், பாட்டிலில் வந்ததுண்டு, வாளியில் வந்ததுண்டு, ஒருமுறை மாப்பிள்ளைத் தலைப்பாகையில் கட்டிக்கூட வந்ததுண்டு, பனியனில் தைத்து வந்தது இதுவே முதல் தடவை என்றும் ஆரம்பித்திருந்தார். நஜீமுதீன் தடுமாறாமல் படித்தார்.

'இரண்டாம் நம்பர் கைட்டன் என்னும் மெல்லுடலி, நத்தைக்குச் சொந்தம். முதுகில் எட்டு ஓடு இருக்கும், நீங்கள் சரியாக எட்டு தைத்திருக்கிறீர்கள். மூன்று, கல்லைத் துளைத்து வாழும் ஒரு புழு. நான்கு, முள்புழு, வெறுங்கையால் தொட வேண்டாம். ஐந்து, கடல் தாமரை. ஆறு, கொட்டலசு, கப்பலடியில் ஒட்டுவது. ஏழு, இறாலுக்குத் தூரத்து உறவு, மீனுக்குத் தீனி.

'முதல் நம்பர் டெரிபெல்லா வகைப் புழு. கல்லுக்குள் குழல் கட்டிக் குடியிருக்கும். வெளியே தெரிவது அதன் கைகள். கீழே விழுந்த மிச்சம் மீதியைப் பொறுக்கித் தின்பதைத் தவிர அதற்கு வேறு தொழிலில்லை. மீனைக் கொல்லாது. வெட்டினால் மறுபடி வளரும். விஷமெல்லாம் கிடையாது. தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது அதுதான்.'

நஜீமுதீன் தாளைத் திருப்பினார்.

'எட்டாம் நம்பர் ஜந்து அல்ல. அந்தக் கல்லின் மேல் ரோஸ் நிறத்தில் படர்ந்திருப்பதே ஒரு உயிர். அதன்மேல் காரமாக ஏதோ விழுந்து அந்த இடம் மட்டும் செத்து வெளுத்திருக்கிறது. தொட்டியில் என்ன போட்டீர்கள்? மீன் ஏதும் செத்திருந்தால் அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.'

பாய் மெதுவாகத் திரும்பினார்.

"சுப்பண்ணா. எவ்வளவு போட்டே?"

சுப்பண்ணன் தலைக்குமேல் சுற்றிய விசிறியைப் பார்த்தார். "ஒரு சிட்டிகைதானுங்க."

"எதுக்கு?"

"சேட்டு வர்றாரு, தண்ணி பளிச்சுன்னு இருக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அது உண்மை. பாய் சொல்லத்தான் சொன்னார். ஆகவே அவர் சுப்பண்ணனை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இருமினார், தண்ணீர் குடித்தார், ஆயம்மாளைப் பார்த்தார்.

"இதை எதுக்கும்மா தெச்சு அனுப்பினே?"

"எனக்கு என்னங்க தெரியும்? வெள்ளையா, அசையாம இருந்துது. அதுவும் ஒரு ஜந்தாக்கும்னு நெனச்சுட்டனுங்க."

பிளீச்சிங் பவுடர் சரியாகக் கரையாமல் துணிமேல் விழுந்தால் எப்படித் திட்டு வரும் என்று பதினெட்டு வருஷம் பார்த்தவள் ஆயம்மாள். மாதத்துக்கு ஐம்பது பனியனை அந்தத் திட்டுக்காகவே சுப்பண்ணனின் பக்கம் திருப்பி அனுப்புகிறவளும் அவள்தான். மீன் செத்த அன்றைக்கே, கல்லை மேலிருந்து கீழ்வரை பார்த்தபோதே அவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் செக்கிங்காரியின் வாய்க்கு எதிரில் மேஸ்திரியின் வாய். அதில் எது எடுபடும் என்பதும் தெரியும். அதனால்தான் அதற்கும் ஒரு நம்பர் போட்டு, ரோஸ் துணி தேடித் தைத்து, சுப்பண்ணனை முன்னே பின்னே பார்த்திராத ஒருவரிடம் சொல்ல விட்டாள்.

மயிலாளுக்கு ஆள் போயிற்று. மத்தியானமே வந்துவிட்டாள். வந்தவுடன் கேட்டது, "பேரு என்னங்கக்கா?"

"டெரிபெல்லா."

"டெரிலின் சட்டை மாதிரி இருக்குதுங்க. பெரிய எடத்துப் பேருதான்." தொட்டியருகே குனிந்து பார்த்துவிட்டு, கத்தரியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் முகம் திருப்பாமல் முதுகைக் காட்டி உட்காருகிறாள். பிசிறைப் பார்த்தால் கை சும்மா இராது என்கிறாள்.

சுப்பண்ணன் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "கத்தரி மொக்கையாட்ட இருக்குது. குடு, சாணை புடிச்சுத் தாரேன்," என்று மயிலாளிடம் கையை நீட்டினார். கத்தரி மொக்கையாக இல்லை. மயிலாள் கொடுத்தாள். அவ்வளவுதான் மன்னிப்பு.

நஜீமுதீன் சத்தமாகப் படித்ததை வாசலில் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர் பாதி கேட்டிருக்கிறார். கல்லு, வெள்ளை இழை, வெட்டினால் வளரும். காதர்பேட்டைக்கு அது போதுமாக இருந்தது.

கடிதத்தின் கடைசிப் பத்தியை அன்று யாரும் சரியாகக் கவனிக்கவில்லை, ஆயம்மாளைத் தவிர. 'டெரிபெல்லா வகை என்றுதான் சாம்பிளிலிருந்து சொல்ல முடிகிறது. அதில் எந்த டெரிபெல்லா என்று சொல்ல நேரில் பார்க்க வேண்டும். தனிப் பார்சலில் ஒரு பாட்டிலில், செத்த உடம்பு கெடாமல் இருக்கும் மருந்து ஊற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு புழுவைப் பிடித்து அதில் போட்டு அனுப்பி உதவவும். நான் எட்டுக்கும் பதில் தந்தேன். நீங்கள் எனக்கு ஒன்று தரவேண்டும்.' ஆயம்மாள் அன்றைக்கே கார்டு போட்டாள்: 'அவசியம் அனுப்புகிறேன்.'

பாட்டிலும் வந்து சேர்ந்தது. அதன்மேல் லேபிள்கூட ஒட்டித்தான் அனுப்பியிருந்தார். ஊர், தேதி, பிடித்தவர் பேர் எழுத இடம் விட்டு. ஆயம்மாள் ஊரையும் பேரையும் எழுதிவிட்டாள். தேதி மட்டும் பாக்கி. அந்தப் புழு கல்லுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் கல்லை உடைக்க வேண்டும். சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. அவளைப் பார்த்ததும் ஐந்து இழையும் உள்ளே போய்விட்டன.

நாலு பொங்கல் ஆயிற்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் மண்டபத்திலிருந்து ஒரு கார்டு வருகிறது: 'புழு இன்னும் கிடைக்கவில்லை.' ஒவ்வொரு தடவையும் இவள் பதில் போடுகிறாள்: 'அடுத்த மாதம்.' பாட்டில் செக்கிங் மேசையின் ஓரத்தில், சாம்பிள் அட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

"அந்த பாட்டிலையாச்சும் திருப்பி அனுப்பிரலாமில்லீங்கக்கா?" என்று மயிலாள் போன வாரம் கேட்டாள்.

ஆயம்மாள் கையிலிருந்த பனியனின் கைப்பகுதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கண்ணி நழுவியிருந்தது. அதை ஓரமாக வைத்தாள்.

"ஒருத்தர் குடுத்துவிட்ட ஏனத்தை வெறுமனே எப்படிக் கண்ணு திருப்பறது?"